தோலின் நிறத்தை முடிவு செய்யும் ஏற்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்து கறுத்துவிட்டது, கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது, வெயிலில் அலைந்து கை ஒரு நிறமும் தோள் ஒரு நிறமுமாக ஆகிவிட்டது என்றால், நம் வீடுகளில் அடுத்த பேச்சு எந்த கிரீம் தடவலாம் என்பதுதான். ஏன் கறுத்தது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. தோலிலுள்ள நிறமிச் செல் தன்னிஷ்டத்துக்கு நிறத்தைத் தயாரிப்பதில்லை. வெயில், ஹார்மோன், அழற்சி, சாப்பிடும் மருந்து என்று பல இடங்களிலிருந்து வரும் தகவல்களை அதன் மேலுள்ள ஏற்பிகள் வாங்குகின்றன. அதன்படிதான் அது கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அந்த ஏற்பிகளைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிளை கிளையாகக் கைகள் நீண்ட செல்கள் இவை. மெலனின் என்ற நிறமியை மெலனோசோம் எனப்படும் நுண்பைகளில் தயாரித்து, அந்தக் கைகள் வழியாகச் சுற்றியிருக்கும் கெரட்டினோசைட் செல்களுக்குக் கொடுக்கின்றன. ஒரு மெலனோசைட் சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்குப் படியளக்கிறது. வாங்கிக்கொண்ட செல், மெலனினைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கமாகக் குவித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிஎன்ஏவைக் காப்பாற்றும் ஏற்பாடு அது.

நார்வேக்காரரின் தோலிலும் நம் தோலிலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு தயாரிக்கின்றன, எந்த வகை மெலனினைத் தயாரிக்கின்றன, மெலனோசோம்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு நாள் சிதையாமல் நிற்கின்றன என்பதில்தான் வித்தியாசம். மெலனினில் இரண்டு வகை உண்டு. கறுப்பும் பழுப்புமான யூமெலனின் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும். மஞ்சளும் சிவப்புமான ஃபியோமெலனின் அந்த அளவுக்குத் தடுக்காது.

ஏற்பி என்றால் என்ன? நிறத்துக்கென்று தனி ஏற்பி உண்டா?

இங்கே நாம் பேசும் ஏற்பி, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். வாசலில் இருக்கும் காலிங் பெல்லைப் போல, அழுத்துபவர் வெளியே நிற்கிறார், சத்தம் உள்ளே கேட்கிறது. ஹார்மோன் செல்லுக்குள் நுழையவே தேவையில்லை. வெளியிலிருந்து ஏற்பியைத் தொட்டால் போதும், உள்ளே வேலை தொடங்கிவிடும்.

மெலனோசைட்டின் முக்கியமான ஏற்பியின் பெயர் மெலனோகார்ட்டின் 1 ஏற்பி, சுருக்கமாக எம்சி1ஆர். 317 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து மடிந்திருக்கும். இதன் மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அமெரிக்காவில் ரோஜர் கோன் குழுவும் ஸ்வீடனில் இன்னொரு குழுவும் 1992இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. ஆனால் இப்படி ஓர் ஏற்பி இருந்தாக வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆரன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோனை மனிதர்களுக்குச் செலுத்தினால் தோல் கறுக்கிறது என்று 1961இலேயே காட்டிவிட்டார்.

நிறத்தில் கை வைக்கும் ஏற்பி இது ஒன்று மட்டும் அல்ல. கிட், ஈஸ்ட்ரோஜனை உணரும் ஜிபிஈஆர், ஒளியை உணரும் ஆப்சின் 3 என்று பட்டியல் நீளும். அந்தந்தக் கேள்வி வரும்போது பார்ப்போம்.

வெயிலில் நின்றால் தோல் எப்படிக் கறுக்கிறது?

வெயில் நேராக மெலனோசைட்டைத் தட்டி எழுப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் அடி வாங்குவது பக்கத்தில் இருக்கும் கெரட்டினோசைட். புற ஊதாக் கதிர் அதன் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. உடனே பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுப்பதற்குப் பேர்போன அதே பி53தான். அது பிஓஎம்சி என்ற மரபணுவை இயக்குகிறது. அதிலிருந்து வரும் நீண்ட புரதம் வெட்டப்பட்டு, 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற சிறு ஹார்மோன் கிடைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபிஷரின் ஆய்வகம் 2007இல் இந்தத் தொடர்பைக் காட்டியது. பி53 இல்லாத எலிகளுக்குப் புற ஊதாக் கதிர் பட்டும் தோல் கறுக்கவில்லை.

கெரட்டினோசைட் வெளியே விடும் ஆல்ஃபா எம்எஸ்எச், அடுத்திருக்கும் மெலனோசைட்டின் எம்சி1ஆரில் போய் உட்காருகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் மூலக்கூறு பெருகுகிறது. அது எம்ஐடிஎஃப் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைக் கூட்டுகிறது. எம்ஐடிஎஃப், டைரோசினேஸ் முதலான நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. டைரோசினேஸ், டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோப்பாகுவினோனாக மாற்றுகிறது. அதிலிருந்து மெலனின் உருவாகிறது. எம்சி1ஆர் நன்றாகத் தூண்டப்பட்டால் யூமெலனின் அதிகம் வரும். தூண்டல் குறைந்தால் டோப்பாகுவினோன் சிஸ்டீன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஃபியோமெலனின் பக்கம் திரும்பிவிடும்.

இத்தனையும் நடக்க நேரம் வேண்டும். அதனால்தான் வெயிலில் அலைந்த கறுப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத் தெளிவாகத் தெரிகிறது. கிரிக்கெட் ஆடிவிட்டு அன்று மாலையே முகம் கறுத்துத் தெரிந்தால், அது பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மெலனின் புற ஊதா ஏ கதிரால் ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் விளைவு. புதிய மெலனின் இன்னும் வந்திருக்காது.

இந்தத் தொடரில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அதன் தொடக்கம் டிஎன்ஏ சேதம் என்பது. கறுக்க வேண்டும் என்பதற்காகவே வெயில் காய்வது, தோலைக் காயப்படுத்தி மருந்து வாங்குவதற்குச் சமம்.

செம்முடிக்காரர்களின் தோல் ஏன் வெயிலில் கறுக்காமல் கன்றிப்போகிறது?

அவர்களுடைய எம்சி1ஆர் பலவீனமானது. பிரிட்டன், அயர்லாந்துப் பகுதிகளில் சிவந்த முடியும் வெளுத்த தோலும் கொண்டவர்களிடம் இந்த ஏற்பியின் மரபணுவில் மாற்றங்கள் இருப்பதை பிரிட்டிஷ் தோல் மருத்துவர் ஜோனதன் ரீஸின் குழு 1995இல் கண்டது. 151ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன், 160ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபான் என்று ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும், ஹார்மோன் வந்து தொட்டாலும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி சரியாக ஏறாது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் இப்படிப்பட்ட மரபணுப் பிரதிகளே வந்தால் பெரும்பாலும் செம்முடி.

இது நிறத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. எம்சி1ஆர் தூண்டப்படும்போது மெலனோசைட்டில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையும் வேகம் பிடிக்கிறது. ஏற்பி பலவீனமானால் தடுப்பும் குறைவு, பழுதுபார்ப்பும் மெதுவு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அவர்களிடம் கூடுதலாக வருவதற்கு இவை இரண்டுமே காரணம்.

ஏற்பி பலவீனமாக இருந்தால், அதைத் தாண்டிப் போய் உள்ளே வேலையைத் தொடங்க முடியாதா?

எலிகளில் முடிந்தது. 2006இல் ஃபிஷர் குழு, எம்சி1ஆர் வேலை செய்யாத செம்மை நிற எலிகளின் தோலில் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைத் தடவியது. ஃபோர்ஸ்கோலின், ஏற்பியின் தயவு இல்லாமலே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும். எலிகள் புற ஊதாக் கதிர் இல்லாமலே கறுத்தன. அந்தக் கறுப்பு பின்னால் வந்த கதிரின் சேதத்திலிருந்து அவற்றைக் காத்தது.

இந்த ஃபோர்ஸ்கோலின், சேலம் பக்கம் வயல்களில் பயிராகும் மருந்துக்கூர்க்கன் செடியின் வேரில் இருப்பது. அதற்காக அந்தப் பொடியை வாங்கித் தோலில் தடவ வேண்டாம், வெண்புள்ளிக்கும் வேண்டாம். மனிதத் தோல் எலியின் தோலைவிடத் தடிமனானது, அந்தப் பொருள் போதிய அளவு உள்ளே இறங்குவதில்லை. 2017இல் அதே குழு, உள்ளே இறங்கக்கூடிய வேறு சிறு மூலக்கூறுகளை ஆய்வகத்தில் வைத்திருந்த மனிதத் தோல் துண்டுகளில் தடவி, அவை கறுப்பதைக் காட்டியது. இது ஆய்வு நிலையில் கிடைத்த முடிவு.

நம் ஊரில் ஒரே வீட்டில் ஒருவர் கறுப்பு, ஒருவர் மாநிறம், ஒருவர் சிவப்பு. இதுவும் எம்சி1ஆரின் வேலையா?

பெரும்பாலும் இல்லை. கடும் வெயில் உள்ள நிலப்பகுதிகளில், குறிப்பாக ஆப்பிரிக்காவில், எம்சி1ஆரின் புரதத்தை மாற்றும் பிரதிகள் ஏறக்குறைய காணப்படுவதே இல்லை. அங்கே அந்த ஏற்பி கெட்டால் தோல் தாங்காது. இயற்கைத் தேர்வு அதைக் கழித்துவிட்டது.

தெற்காசியாவில் நிற வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு கொடுப்பது எஸ்எல்சி24ஏ5 என்ற வேறொரு மரபணு. அது செய்யும் புரதம் ஏற்பி அல்ல. மெலனின் தயாராகும் பாதையில் அயனிகளைக் கடத்தும் புரதம். வரிக்குதிரை மீனில் தொடங்கிய ஓர் ஆய்வு 2005இல் இதை வெளிக்கொண்டு வந்தது. ஐரோப்பாவிலும் தெற்காசியாவிலும் உள்ள வெளிர் நிறப் பிரதி ஒரே மூதாதையிலிருந்து வந்தது என்று 2013இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு வகைப் பிரதி இருந்தால், பிள்ளைகளுக்குச் சீட்டு எப்படி விழுகிறதோ அப்படி நிறம் அமையும். கர்ப்பிணி குடிக்கும் குங்குமப்பூப் பாலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பிறந்த குழந்தை முதலில் வெளுப்பாகத் தெரிந்து சில மாதங்களில் நிறம் கூடுவதும் இயல்பானது. அதற்காகக் குழந்தையின் மேல் எதையும் தேய்க்க வேண்டியதில்லை.

ஏற்பியைத் தூண்டுவது ஒரு ஹார்மோன். அணைப்பதற்கும் ஏதாவது உண்டா?

உண்டு. அகூட்டி என்ற புரதம் அதே எம்சி1ஆரில் வந்து உட்கார்ந்து, ஆல்ஃபா எம்எஸ்எச்சுக்கு இடம் கொடுக்காமல் செய்துவிடும். ஏற்பி சும்மா இருக்கும்போது கசியும் சிறு தகவலையும் அடக்கிவிடும். பாலூட்டிகளின் முடியில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வருவது இந்த இழுபறியால்தான்.

கருஞ்சிறுத்தை இதற்கு நல்ல சாட்சி. அது தனி இனம் அல்ல. அகூட்டி மரபணு உடைந்துபோன சாதாரணச் சிறுத்தை. அணைப்பவர் இல்லாததால் உடல் முழுக்க யூமெலனின். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எடுத்த கருஞ்சிறுத்தைப் படங்களை உற்றுப் பாருங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அடியில் அப்படியே தெரியும். தென்னமெரிக்கக் கறுப்பு ஜாகுவாரில் கதை வேறு, அங்கே மாறியிருப்பது எம்சி1ஆரேதான். மனிதரிடம் அகூட்டியின் பங்கு இந்த அளவுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு கறுப்பானவருக்கும் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஏன் வெளுப்பாக இருக்கின்றன?

அங்கே அடித்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் டிகேகே1 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. மெலனோசைட்டுகள் வளரவும் வேலை செய்யவும் டபிள்யூஎன்டி என்ற தகவல் வேண்டும். அதை வாங்கும் ஏற்பித் தொகுதியை டிகேகே1 மறித்துவிடுகிறது. அதனால் மெலனோசைட்டுகளும் குறைவு, அவை கொடுக்கும் மெலனினும் குறைவு. 2004 வாக்கில் யாமகுச்சி, ஹியரிங் ஆகிய ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள்.

வெயிலே படாமல் உடம்பு முழுக்கக் கறுத்துக்கொண்டே போகிறது. இது எதனால்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று உயிரோடு விளையாடக்கூடியது.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி பழுதானால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் குறையும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, போதவில்லை என்று உணர்ந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அள்ளி விடும். ஏசிடிஎச்சும் அதே பிஓஎம்சி புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவதுதான்; அதன் முதல் 13 அமினோ அமிலங்களின் வரிசையும் ஆல்ஃபா எம்எஸ்எச்சின் வரிசையும் ஒன்றே. ரத்தத்தில் அது நிறைந்து வழியும்போது மெலனோசைட்டின் எம்சி1ஆர் அதற்கும் மசிந்துவிடுகிறது. தோல் கறுக்கிறது. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் இது, அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. அட்ரீனலைக் காசநோய் தின்றுவிடுவது அன்று பெரிய காரணமாக இருந்தது. இந்தியாவில் இன்றும் மருத்துவர்கள் அதை மனதில் வைத்துத்தான் பரிசோதிக்கிறார்கள்.

இதன் கறுப்பு விழும் இடங்களைக் கவனியுங்கள். உள்ளங்கை ரேகைகள், விரல் மூட்டுகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், புதிதாக ஆறிய தழும்பு. நம்மில் பலருக்கு ரேகையும் ஈறும் இயல்பாகவே கொஞ்சம் கறுத்திருக்கும், அது நோயல்ல. முன்பு இல்லாத கறுப்பு சில மாதங்களில் வந்ததா என்பதுதான் கேள்வி. பழைய போட்டோ உதவும். கூடவே தீராத அசதி, எடை இறங்குவது, எழுந்தால் தலைசுற்றல், உப்பின் மேல் அடங்காத ஆசை இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். காலை நேரக் கார்ட்டிசோலும் ஏசிடிஎச்சும் ரத்தத்தில் பார்க்கக்கூடியவை. கண்டுபிடித்தால் மாத்திரையால் நன்றாக வாழலாம். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரு காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ திடீரென்று ஆளைச் சாய்த்துவிடும்.

விரல் மூட்டுகளின் மேல் மட்டும் கறுப்பு என்றால் வைட்டமின் பி12 குறைவும் காரணமாக இருக்கலாம். அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

பிள்ளையின் கழுத்து எவ்வளவு தேய்த்தாலும் கறுப்பாகவே இருக்கிறதே?

அது அழுக்கு இல்லை, தேய்ப்பதை நிறுத்துங்கள். பீர்க்கங்காய் நாரையும் கடலை மாவையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, வலியிலும் வெட்கத்திலும் பிள்ளை அழுவதுதான் மிச்சம்.

பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வெல்வெட் துணி மாதிரி தடித்து, கோடுகோடாகக் கறுத்திருந்தால் அதன் பெயர் அகான்தோசிஸ் நைக்ரிகன்ஸ். இதில் சம்பந்தப்பட்ட ஏற்பிகள் மெலனோசைட்டுடையவை அல்ல. உடல் இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினை விடும். அளவுக்கு மீறிய இன்சுலின், கெரட்டினோசைட்டிலும் ஃபைப்ரோபிளாஸ்டிலும் உள்ள, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப் 1 ஏற்பியையும் தூண்டிவிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, தோல் மடிந்து தடிக்கிறது. நாம் பார்க்கும் கறுப்பில் பெரும்பங்கு இந்தத் தடிப்புதான், மெலனின் அல்ல. அதனால்தான் வெளுக்கும் கிரீம் எதுவும் இதில் எடுபடுவதில்லை.

சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே உடல் கொடுக்கும் எச்சரிக்கை இது. வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். எடை குறைந்து, நடமாட்டம் கூடி, இன்சுலின் இறங்கினால் கழுத்தும் மெல்ல மெல்லத் தெளியும். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்கற்றும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒல்லியான, வயதானவருக்கு இது திடீரென்று வந்து வேகமாகப் பரவினால் விஷயம் வேறு. வயிற்றுப் புற்றுநோய் போன்றவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளும் தோலின் ஏற்பிகளைத் தூண்டலாம். தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

கர்ப்பத்தில் மங்கு ஏன் விழுகிறது?

கர்ப்பத்தில் கூடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் மெலனோசைட்டைத் தூண்டுகிறது. மெலனோசைட்டின் ஜிபிஈஆர் என்ற ஏற்பி வழியாக ஈஸ்ட்ரோஜன் மெலனினைக் கூட்டுகிறது, வேறோர் ஏற்பி வழியாகப் புரோஜெஸ்ட்டிரோன் குறைக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் மங்கும், தொப்புளிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடும் கர்ப்பத்தில் சகஜம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் மங்கு வரும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகக் குறையும், சிலருக்கு நின்றுவிடும்.

வீட்டுக்குள்ளேயே இருந்தும், சன்ஸ்கிரீன் போட்டும் மங்கு போகவில்லையே?

இங்கே ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. நம்மைப் போன்ற நிறமுள்ள தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்கச் செய்யும். நிறம் கூடிய தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்ட இடம் கறுத்து நிலைத்தது, வெளுத்த தோலில் அப்படி ஆகவில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. மெலனோசைட்டில் இருக்கும் ஆப்சின் 3, நீல ஒளியை உணர்ந்து மெலனினைக் கூட்டுகிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்ணில் ஒளியை உணரும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று தோலிலும் இருந்து வேலை செய்கிறது.

வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரை மட்டுமே நிறுத்தும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன்தான் பொருத்தம். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இந்த ஒளி உள்ளே வரும். போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் வருவது வெயிலோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மருந்து சாப்பிட்டு நிறம் மாறுமா?

மாறும். மெலனோசைட் உயிரோடு இருக்கவும் வேலை செய்யவும் கிட் என்ற ஏற்பியின் தூண்டல் வேண்டும். பிறவியிலேயே அதில் குறை இருப்பவர்களுக்கு நெற்றி முடியில் ஒரு வெள்ளைக் கற்றையும் உடலில் வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு 2001இலிருந்து கொடுக்கப்படும் இமாடினிப் மாத்திரை இந்த கிட்டையும் சேர்த்து அடக்குவதால், அதைச் சாப்பிடும் பலருக்குத் தோல் வெளுக்கிறது. உயிர்காக்கும் மாத்திரை அது. நிறம் மாறுகிறதே என்று யாரும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கண் அழுத்தத்துக்குப் போடும் லட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்து, புரோஸ்டாகிளாண்டின் ஏற்பி வழியாக இமையைக் கறுக்கச் செய்யலாம். இமையின் கறுப்பு மருந்தை மாற்றினால் குறையும். கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம் கறுத்தால் அது நிரந்தரம்.

இன்னொன்று, அரிதான உடல் பருமனுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செட்மெலனோடைட். பிஓஎம்சி மரபணுவே பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தீராத பசி, பருமன், செம்முடி எல்லாம் சேர்ந்து வரும். அவர்களுக்கு மூளையில் பசியை அடக்கும் எம்சி4ஆர் ஏற்பியைத் தூண்டுவதற்காக இந்த ஊசி. அது எம்சி1ஆரையும் தூண்டிவிடுவதால் தோலும் கறுக்கிறது. பசியும் நிறமும் ஒரே குடும்பத்து ஏற்பிகளின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வெண்புள்ளியில் ஏற்பிக்கு என்ன பங்கு?

வெண்புள்ளி தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் இன்றும் இதனால் கல்யாணங்கள் நிற்கின்றன. உடலின் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் மெலனோசைட்டுகளைக் கொல்வதால் வருவது அது. டி செல் விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற தகவல் புரதத்தைக் கெரட்டினோசைட்டின் ஏற்பி வாங்குகிறது. உள்ளே ஜேக் நொதிகள் வழியாகத் தகவல் போய், மேலும் டி செல்களை அழைக்கும் புரதம் வெளியே வருகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கும் ருக்ஸோலிடினிப் கிரீமுக்கு 2022 ஜூலையில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க வெள்ளைத் திட்டில் முடிக்காலைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முடியின் அடியிலும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளியாக நிறம் திரும்பும். அங்கேதான் மெலனோசைட்டின் மூலச் செல்கள் மிஞ்சியிருக்கும். திட்டில் உள்ள முடியும் வெளுத்திருந்தால் நிறம் திரும்புவது கடினம்.

எம்சி1ஆரைத் தூண்டும் மருந்து உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா எம்எஸ்எச்சைக் கொஞ்சம் மாற்றி, சீக்கிரம் சிதையாதபடி செய்த அஃபமெலனோடைட். எரித்ரோபாய்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற பிறவி நோயில் வெளிச்சம் பட்டாலே தோலில் தாங்க முடியாத வலி எடுக்கும். அந்த நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியாக இதை ஐரோப்பாவில் 2014இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதித்தார்கள். பகலில் வெளியே வரவே அஞ்சியவர்களுக்கு அது பெரிய விடுதலை.

இதே வகையைச் சேர்ந்த மெலனோட்டன் 2 என்ற பொருளை ஊசியாகவும் மூக்கு ஸ்பிரேயாகவும் இணையத்தில் விற்கிறார்கள். அதற்கு எங்கும் அனுமதி இல்லை. குமட்டல் வரும், மச்சங்கள் கறுத்து மாறும். தொடவே வேண்டாம்.

சிவப்பழகு கிரீம்கள் இந்த ஏற்பிகளை மாற்றுகின்றனவா?

இல்லை. வெளுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை சங்கிலியின் கடைசியில் இருக்கும் டைரோசினேஸ் நொதியைத்தான் தடுக்கின்றன. மேலே இருந்து தூண்டல் வந்துகொண்டே இருக்கும். தடவுவதை நிறுத்தியதும் நிறம் திரும்புவது அதனால்தான். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் என்றால் மங்குக்கு நல்ல மருந்து. வருடக்கணக்கில் தடவினால் நீலமும் கறுப்புமான புதிய கறை நிலைத்துவிடும். ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதல் மாதம் முகத்தைப் பளபளவென்று ஆக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் வெடித்து, விட்டால் எரியும், போட்டால் மெலியும் என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடும். பாதரசம் கலந்த கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி கேரளாவின் மலப்புரத்திலிருந்து மருத்துவ இதழ்வரை போனது. தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாத டப்பாவைக் கையில் வாங்காதீர்கள்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்பது சரியா?

வெயிலால் வரும் தோல் புற்றுநோய்கள் நமக்கு மிகக் குறைவு, அது உண்மை. ஆனால் மெலனோமா நமக்கு வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் அதிகத் தொடர்பில்லை. பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் தொடங்கி 1981இல் அவர் உயிரை எடுத்தது இந்த வகைதான். இவற்றில் சிலவற்றில், மேலே சொன்ன கிட் ஏற்பி மாற்றமடைந்து, யாரும் தூண்டாமலே ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சிலருக்கு இமாடினிப் பலன் தருகிறது.

நம்மில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாக இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடும், உள்ளங்காலில் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவும் கறுப்புத் திட்டும் அப்படியல்ல. ஆணி என்றோ, அடிபட்ட ரத்தக்கட்டு என்றோ விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.